ஓகே எங்கிருந்து வந்துச்சு: சோக்டா கதையா, பாஸ்டன் கதையா?

ஓகேக்கு ஊர்ப்பட்ட கதை சொல்றாங்க, அதுல பேச வேண்டியது ரெண்டுதான். ஒண்ணு, அமெரிக்கப் பழங்குடி மக்களான சோக்டாக்களோட மொழில இருந்து வந்துச்சுங்கறது, அதுல "ஓக்கே"ன்னா "அப்படித்தான்"னு அர்த்தம். சத்தமும் பொருந்துது அர்த்தமும் பொருந்துது, ஜனாதிபதி உட்ரோ வில்சன் கூட இத நம்பி அந்த ஸ்பெல்லிங்லதான் எழுதினாரு. ஆனா அங்கேர்ந்து இங்கிலீஷுக்குள்ள வந்ததுக்கு எழுத்துல உருப்படியா ஆதாரம் இல்ல, அங்கதான் இடிக்குது.

பாஸ்டன் கதை கேக்க சப்பையா இருக்கும், ஆனா தேதியோட இருக்கு. 1830கள் கடைசில அங்க பத்திரிகைக்காரங்களுக்கு ஒரு கிறுக்கு, வேணும்னே ஸ்பெல்லிங்க தப்பா எழுதி முதல் எழுத்துகள மட்டும் போடறது, நாம சாட்ல சுருக்கற மாதிரியே. அப்படி "ஆல் கரெக்ட்"ட "ஓல் கொரெக்ட்"னு (oll korrect) ஆக்கி, 1839 மார்ச் 23 பாஸ்டன் மார்னிங் போஸ்ட்ல ஓ.கே.ன்னு அச்சடிச்சாங்க. "ஆல் ரைட்"டுக்கும் இதே மாதிரி (oll wright) ஓ.டபிள்யூ.ன்னு ஒண்ணு இருந்துச்சு, இப்ப யாருக்கு தெரியும்? ஓ.கே. பிழைச்சதுக்கு 1840 எலக்‌ஷன் பெரிய காரணம், அதுல திரும்ப நின்ன ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் ஊரு கிண்டர்ஹூக், அதனால பட்டப்பேரு ஓல்ட் கிண்டர்ஹூக், ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப்புன்னே ஆரம்பிச்சுட்டாங்க. பாவம், மனுஷன் தோத்துட்டாரு.

என் ஓட்டு பாஸ்டனுக்குத்தான். 1960கள்ல மொழி ஆராய்ச்சியாளர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பேப்பரையெல்லாம் கிளறி இத வெளிய எடுத்தப்புறம் பெரும்பாலான டிக்‌ஷனரிகளும் இந்தப் பக்கம்தான்.