சென்னை வெயிலில் பவளத் தொட்டி: எந்த லைட், எந்த மெஷின்?

கடல் டேங்க் வைக்க முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது எந்த லைட் வாங்கலாம் என்பதைத்தான். சென்னையில் இருந்துகொண்டு கேட்டால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, வீட்டில் ஏசி ஓடாத நேரத்தில், தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கும்? பவளத்துக்கு 24 முதல் 27 வரை சுகம். 30-ஐத் தாண்டிச் சில நாள் அப்படியே நின்றால் தன் திசுவுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். அமெரிக்கக்காரர்கள் வீடியோவில் ஹீட்டரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், நமக்கு அது வருஷத்தில் முக்கால்வாசி நாள் அலமாரியில்தான் கிடக்கும். அதனால் கீழே எதை எதோடு வைத்துப் பார்த்தாலும் சூட்டை வைத்துத்தான் தீர்ப்பு. கணக்குக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது கிட்டத்தட்ட 190 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மெட்டல் ஹாலைடு என்ற பழைய ரகப் பெரிய பல்புக்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள், காரணம் இல்லாமலும் இல்லை. ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் மணலில் விழும் அலை நெளிவு அசல் கடலில் பார்ப்பது மாதிரியே இருக்கும். ஆனால் இந்த டேங்குக்கு 150 வாட்டில் இரண்டு வேண்டும், எட்டு மணி நேரம் எரித்தால் நாளைக்கு 2.4 யூனிட். போதாததற்கு அகச்சிவப்புக் கதிர் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறை பல்பும் மாற்ற வேண்டும். நாள் முழுக்க ஏசி ஓடும் வீடு என்றால் யோசிக்கலாம், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

டி5 என்ற ஒல்லியான ட்யூப்லைட் இதைவிடச் சாது. ஆறு 39 வாட் ட்யூப் போட்டால் 234 வாட், நல்ல ரிஃப்ளெக்டர் இருந்தால் டேங்கின் மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராக வெளிச்சம், ஒரு கிளையின் நிழல் இன்னொன்றின் மேல் விழாது. இந்த ஒரு விஷயத்தில் எல்.இ.டி. இன்றைக்கும் டி5-ஐப் பிடிக்கவில்லை என்பது என் எண்ணம். பிரச்சினை ட்யூபில்தான். பார்க்க நன்றாகத்தான் எரியும், ஆனால் ஒன்பது பத்து மாதத்தில் நிறமாலை மாறி, பவளம் சோர்ந்து, டேங்கில் வேண்டாத பாசி கொழிக்க ஆரம்பிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-லேயே சாதாரண டி5 ட்யூபுகளைப் புதிதாகச் சந்தைக்கு விடுவதை நிறுத்திவிட்டது. ரீஃப் ட்யூப் தனி ரகம்தான், இருந்தாலும் தயாரிப்பே சுருங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை நம்பிப் புது டேங்க் தொடங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

சரி, எல்.இ.டி.க்கு வருவோம். 100 வாட் லைட், பத்து மணி நேரம், நாளைக்கு ஒரே யூனிட். சூடும் பெரும்பாலும் மேலே ஹீட்ஸிங்க் வழியாக அறைக்குப் போகிறது. இதற்குள்ளேயே ரெண்டு கட்சி உண்டு: ரேடியான், ஹைட்ரா, கெஸில் மாதிரி பெயர் பெற்றவை ஒரு பக்கம், நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ் என்று வரும் 165 வாட் சீனக் கறுப்புப் பெட்டி இன்னொரு பக்கம். பவளம் வளர்வதில் பெட்டியைக் குறை சொல்ல முடியாது, வளரும். ஆனால் லென்ஸ் வெளிச்சத்தை நடுவில் குவிக்கும், ஓரம் இருட்டாகும், ஆறு மாதத்தில் ஃபேன் இறக்கையில் உப்பு படிந்து கரகரக்கும். அப்புறம், எல்.இ.டி. பவளத்தை எரித்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே முழு வேகத்தில் போட்டவர்களாக இருப்பார்கள். 25, 30 சதவீதத்தில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம் தேவை என்பதைச் சட்டமும் கொஞ்சம் முடிவு செய்கிறது. நம் கடலின் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது உயிர்ப்பாறையோ (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) பவளமோ காட்டினால் விலையே கேட்காதீர்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் காகிதம் கேளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கல் கூடு கட்டாத மென்பவளம், மஷ்ரூம், ஸோவாந்திட் போதும், இவற்றுக்கு 50 முதல் 150 பார் (PAR, பாசி உணவு தயாரிக்கப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் தாராளம். அக்ரோபோரா என்ற கல் பவளம் கேட்கும் 250, 300-க்கு இங்கே வேலையே இல்லை. நடுத்தர எல்.இ.டி. ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தைக் குளிரூட்டலில் போடுங்கள்.

அங்கே போட்டி ஃபேனுக்கும், தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினான சில்லருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன எல்.இ.டி.யின் ஒரு நாள் சூடு முழுவதும் தண்ணீருக்குள்ளேயே போனாலும் ஒன்றரை லிட்டர் ஆவியானால் சரியாகிவிடும், ஹாலைடுக்கோ மூன்றரை லிட்டருக்கு மேல். இதனால்தான் சின்ன ஃபேன்கூட ரெண்டு மூன்று டிகிரி குறைக்கிறது. கோயம்புத்தூரில் இது நன்றாக எடுபடும், சென்னையில் கடற்காற்று ஈரத்தோடு வருவதால் புழுக்கமான நாளில் ஃபேன் சுற்றுவதுதான் மிச்சம். ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும், உப்பு டேங்கிலேயே தங்கிவிடும், ஆகவே ஃபேன் வைத்தால் தானாக நீர் நிரப்பும் ஏடிஓ வைத்தே ஆக வேண்டும். அறை 34 டிகிரியில் கொதிக்கும்போது தண்ணீரை 26-ல் நிறுத்த சில்லரால்தான் முடியும். பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். அதை டேங்குக்குக் கீழே அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்து நாள் முழுக்க ஓடும். சில்லரின் தண்ணீர்க் குழாயை நீட்டி, நிழல் விழும் பால்கனியில் வைப்பது உத்தமம்.

ஸ்கிம்மரில் டேங்கின் முதுகில் தொங்குவது மலிவு, சம்ப்புக்குள், அதாவது டேங்குக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டிக்குள், நிற்பது நல்லது. ரெண்டும் செய்வது ஒரே வேலைதான்: நுரையோடு கழிவைத் தூக்கி மேல் கப்பில் சேர்க்கும். கப்பில் விழுவது கெட்டி டிகாக்‌ஷன் நிறத்தில், நாற்றத்தோடு இருந்தால் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம், வெளிறிய தண்ணீராக வந்தால் உள் நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். சம்ப் வைத்தால் ஏடிஓ, ஹீட்டர், சில்லர் பம்ப் எல்லாமே கீழே ஒளிந்துகொள்ளும். ஒரு எச்சரிக்கை. கரண்ட் போனதும், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பைப்பின் மட்டம் வரைக்கும் மேல் தண்ணீர் கீழே இறங்கும், சம்ப்பில் அதற்கு இடம் விடாவிட்டால் ஹால் தரையில் கடல்.

டேங்குக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரில் டிசி பம்பையே எடுங்கள். வாட் குறைவு, வேகம் கூட்டிக் குறைக்கலாம், பேட்டரியிலும் ஓட வைக்கலாம். நீண்ட கரண்ட் கட்டில் முதலில் குறைவது ஆக்ஸிஜன், சூடெல்லாம் அதற்கு அப்புறம்தான். வீட்டு இன்வெர்ட்டரில் சில்லரை ஏற்றாதீர்கள், வேவ்மேக்கர் ஒன்று ஓடினால் போதும்.

தண்ணீரில் ஒப்பீடே கிடையாது. குடிக்கிற ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுவைப்பார்கள், பவளத்துக்கு அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசினும் சேர்த்து, உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் ஸ்கிம்மர் வாங்கலாம், ஓடவிட்டுப் பார்த்து சில்லரும் வாங்கலாம். பழைய டேங்கோ சம்ப்போ என்றால் மட்டும் மீன் நோய்க்கு அதில் எப்போதாவது, பவளத்துக்கு விஷமான காப்பர் மருந்து ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ, வேறு டேங்க் பாருங்கள்.