டிரம் சோறா, மூட்டைத் தீவனமா: வெண்பன்றிப் பண்ணைக்கு எது கட்டுபடியாகும்?

பல்லடம் பக்கம் வெண்பன்றி வளர்க்கிற இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால், முதல் கேள்வி "எத்தனை தாய் நிக்குதுங்க?" அடுத்த கேள்வி "டிரம்மா, மூட்டைங்களா?" டிரம் என்றால் ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு. மூட்டை என்றால் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு எல்லாம் அரைத்துக் கலந்த அடர்தீவனம். நான் நான்கு வருடம் டிரம்மில் ஓட்டிவிட்டு மூட்டைக்கு மாறியவன். அதனால் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் கணக்கு. குட்டியை 20 கிலோவில் வாங்கி 90 கிலோவில் விற்கிறீர்கள். ஏற வேண்டியது 70 கிலோ. நல்ல தீவனத்தில் ஒரு கிலோ எடை கூட 3 முதல் 3.5 கிலோ வரை தின்னும். 3.5 என்றே வையுங்கள், 245 கிலோ ஆகிறது. கிலோ 32 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பன்றிக்கு 7,840 ரூபாய். இந்த இடத்திலேயே புதிதாக வருபவர் முகம் சுருங்கிவிடும். சோறு சும்மா கிடைக்கும்போது இதென்ன வெட்டிச் செலவு என்பார்.

சும்மா கிடைப்பதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்த 245 கிலோ மூட்டையில் இருக்கிற உலர்சத்தை டிரம்மிலிருந்து எடுக்க, ஒரு பன்றிக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ சோறு இறக்க வேண்டும். ஐம்பது பன்றி என்றால் ஐம்பது டன். இதைத் திருப்பூரிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல், ஓட்டல் அடைக்கிற நேரத்தில், குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் வேறொருவர் எடுத்துவிடுவார். தீபாவளிக்கு நான்கு நாள் கம்பெனிகள் லீவு விட்டால் ஊரே காலி, டிரம்மும் காலி. முகூர்த்த மாதத்தில் நேர்மாறு, கொட்ட இடம் இருக்காது.

டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? மேலே சோறும் ரசமும் கலந்த கஞ்சி. கையை விட்டுத் துழாவினால் கிழிந்த வாழை இலை, எலுமிச்சைத் தோல், பல் குத்தும் குச்சி, கோழி எலும்பு, ரப்பர் பேண்டு போட்டபடியே சாம்பார் கவர். ஒரு முறை முழுசாக ஒரு எவர்சில்வர் கரண்டி வந்தது, அதை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறோம். கவரைப் பிரித்தெடுக்கவே ஓர் ஆள் வேண்டும். பிளாஸ்டிக் குடலில் சிக்கினால் அந்தப் பன்றி தின்னாமல் வாடி, ஒரு வாரத்தில் உங்கள் கண் முன்னாலேயே போய்ச் சேரும். ஊறுகாயும் உப்பும் மிகுந்த நாளில் தொட்டியில் தண்ணீர் வற்றிப் போயிருந்தால் உப்பு தலைக்கேறி வலிப்பே வரும்.

சரி, பொறுக்கி எடுத்தாயிற்று. அப்புறம் வேக வைக்க வேண்டும். சூடு காட்டினால் போதாது, நன்றாகத் தளதளவென்று கொதித்து, கிளறிக்கொண்டே ஒரு மணி நேரமாவது அடுப்பில் நிற்க வேண்டும். விறகு, ஆள், நேரம். பெரும்பாலான பண்ணைகளில் இதைச் செய்வதில்லை. நானும் முதல் வருடம் செய்யவில்லை. ஆவணி முகூர்த்தத்தில் மிஞ்சிய டிரம் ஒரு ராத்திரி கிடந்து புளித்துப் போனதை அப்படியே ஊற்றினோம். பெரிய குட்டிகள் எல்லாம் மூன்று நாள் கழிந்தன. அதில் போன எடையைப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

வயிற்றுப்போக்கோடு நின்றால் பரவாயில்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாம், அருணாச்சலத்தில் தலைகாட்டியது. 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் அது உறுதியானது. நம் பன்றியை ஏற்றிப் போகிற வண்டிகளில் பாதி கேரளா வண்டிகள் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இந்த வைரஸ் மனிதருக்கு வராது. ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்து இல்லை. சரியாக வேகாத பன்றி இறைச்சித் துண்டில் அது உயிரோடு இருக்கும், அந்தத் துண்டு எந்த ஓட்டல் டிரம்மிலும் இருக்கலாம். நோய் உறுதியானால் பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற பன்றிகளை எல்லாம் அழிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேகவைக்காமல் ஊற்றியதற்கு நீங்கள் மூட்டை போட்டும் தப்ப முடியாது என்று அர்த்தம். பழைய பன்றிக் காய்ச்சல் (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்) வேறு நோய். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, டிரம்மோ மூட்டையோ அதைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

சைவ மெஸ் டிரம் மட்டும் எடுத்தால்? ஓரளவு நல்லது. ஆனால் வண்டி எத்தனை பண்ணைக்குப் போய் வருகிறது என்று விசாரியுங்கள். டிரம்மும் டயரும் ஓட்டுபவரின் செருப்பும் எல்லாப் பண்ணைகளையும் ஒன்றாக்கிவிடும்.

மூட்டைக்கும் குறை உண்டு. உடுமலை, பல்லடம் பக்கத்து மக்காச்சோளம் ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு தடவை மூன்று மாதப் பெண் குட்டிகளுக்குப் பின்பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. பருவத்துக்கு வந்துவிட்டது போலிருக்கு என்று நினைத்தோம், அந்த வயதில் எங்கே வரும்? சோள மூட்டையைப் பிரித்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பூஞ்சணம். தீவனத்தை மாற்றியதும் வீக்கம் வடிந்தது. நாமக்கல்லில் கோழித் தீவன மில்கள் இருப்பதால் நம் பக்கம் சோளம், சோயா கிடைப்பது சுலபம். நாமக்கல் கால்நடைக் கல்லூரியும் எட்டிப் பிடிக்கிற தூரம். மில்லில் சோளம் இறக்கும்போது ஒரு கை அள்ளிக் கடித்துப் பாருங்கள், டக்கென்று உடைய வேண்டும்.

செலவைக் குறைக்க சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைத் திப்பியை (மாவு எடுத்த மரவள்ளிக் கிழங்குச் சக்கை) நிறையப் பேர் கலக்கிறார்கள். காய்ந்த திப்பி கொஞ்சம் சேர்க்கலாம். அதில் மாவு இருக்கிறது, புரதம் மிகக் குறைவு. சோயாவைக் குறைத்துத் திப்பியைக் கூட்டினால் வயிறுதான் நிறையும், சதை ஏறாது.

தாய்ப்பன்றி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, டிரம் கூடாது. சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள், அதாவது 114 நாள். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு 2, 2.5 கிலோ மூட்டைத் தீவனம் போதும். டிரம் சோற்றில் அளவே தெரியாது. எண்ணெயும் சோறுமாகத் தின்று கொழுத்த தாய் ஒன்று எங்களிடம் ஒன்பது குட்டி போட்டது. பால் குறைவு, உடம்பு பாரம். மூன்று நாளில் நான்கு குட்டியை நசுக்கிவிட்டது. பால் கொடுக்கும்போது அதே தாய்க்கு 5, 6 கிலோ வேண்டும், அப்போது தண்ணீர்ச் சோற்றை எவ்வளவு ஊற்றினாலும் போதாது. குட்டிக்கு மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி போடாமல் விட்டால் வெளுத்துப் போகும். தாய்ப்பாலில் இரும்பு அவ்வளவு குறைவு.

தாய் வைக்காமல் குட்டி வாங்கி வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லைதான். முதல் பேட்ச் பத்து குட்டியை ஒரே பண்ணையில் வாங்கிப் பழகுங்கள். நாலு பண்ணையில் ரெண்டு ரெண்டாகப் பொறுக்கினால் நாலு பண்ணை நோயும் வந்து சேரும். இனத்தைப் பற்றி அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் போதும். கால்நடைப் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் உருவாக்கிய கே.பி.எம். கோல்டு கிடைத்தால் அதையும் பார்க்கலாம், முக்கால் பங்கு யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டுப்பன்றி.

டிரம்மில் வளர்ந்தவை என் கொட்டகையில் 90 கிலோ தொட ஒன்பது மாதம் எடுத்தன. மூட்டையில் ஆறரை, ஏழு. வாங்க வருகிற கேரள வியாபாரி முதுகில் விரலால் அழுத்திப் பார்த்து, "நெய் கூடுதல்" (கொழுப்பு அதிகம்) என்று சொல்லி டிரம் பன்றிக்கு விலையைக் குறைப்பார். அந்த இரண்டு மாதக் கொட்டகைச் செலவையும் இந்த விலைக் குறைப்பையும் சேர்த்து எழுதிய பிறகுதான் நான் மாறினேன். ஆஸ்டல் டிரம் நிரந்தரமாகக் கிடைத்து, வேகவைக்க ஆளும் விறகும் இருப்பவர், 40 கிலோ தாண்டிய விற்பனைப் பன்றிக்கு மட்டும் பாதிப் பங்கு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன வாரம் அவிநாசியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, காலேஜ் ஆஸ்டல் டிரம் வருது, எடுத்துக்கட்டுங்களா?"

"வண்டி வேற எங்கெல்லாம் போகுதுன்னு கேளு தம்பி."

அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "நாலு பண்ணைக்குப் போகுதாமுங்ணா." கொஞ்சம் நேரம் பேச்சில்லை. அப்புறம் அவரே, "அந்த மூட்டைக் கணக்கை வாட்ஸ்அப்புல போட்டு விடுங்க" என்றார்.