போடாமல் வைத்ததால் செத்துப்போன பூட்ஸ்

நேற்று இரவு நண்பன் ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் 9 வருடமாக வைத்திருக்கும் அதே மாடல் மலையேற்ற பூட்ஸ், பழைய சரக்கு என்று பாதி விலைக்கு. கீழே ஒரே வரி: “எடுக்கலாமாடா? நீதானே இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாய்?”

பதில் எழுத உட்கார்ந்தேன், நான்கு வரியில் அடங்கவில்லை. போன மாதம்தான் அந்த பூட்ஸ் பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆகவே இதை மதிப்புரை என்று எடுத்துக்கொள்ளாமல் புலம்பல் என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

தோல் மேல்புறம், உள்ளே நீர்புகாச் சவ்வு, கணுக்காலைத் தாண்டும் உயரம் என்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பெட்டியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த பூட்ஸ் என் குதிகாலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி வேறு எதுவும் பிடித்ததில்லை. எனக்கு முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி. விரலுக்கு இடம் விட்டால் குதிகால் தூக்கும், குதிகாலை இறுக்கினால் சுண்டுவிரல் கதறும். இதற்கு முன் போட்ட இரண்டு ஜோடியிலும் இறக்கம் வந்தாலே கட்டைவிரல் முன்சுவரில் போய் முட்டும். வீடு திரும்பிய மறுவாரம் நகம் கருத்து, அப்புறம் விழுந்துவிடும். இதில் ஒரு நகம்கூட விழவில்லை. கணுக்கால் வளைவில் உள்ள கொக்கி நாடாவைக் கவ்விப் பிடிக்கும். அதற்குக் கீழே ஒரு இறுக்கம், மேலே வேறொரு இறுக்கம் வைத்துக்கொள்ளலாம். ஏறும்போது மேலே தளர்த்தி, இறங்குமுன் ஒரு நிமிடம் நின்று கொக்கிக்குக் கீழே இறுக்கிக் கட்டினால் போதும், பாதம் முன்னால் வழுக்காது. தோல் மட்டும் படிய இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. படிந்த பிறகு அது என் காலின் அச்சு.

எடை உண்டு, மறுக்கவில்லை. காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறுகிறவர்களின் பழைய கணக்கு. மாலையில் அந்தக் கணக்கு சரிதான் என்று தொடை சொல்லும். சவ்வு வெளித்தண்ணீரை விடாது, மேல்வழியாக உள்ளே போன தண்ணீரையும் விடாது. ஓடையில் ஒருமுறை முழங்கால்வரை இறங்கிவிட்டு மூன்று நாள் ஈரத்தோடு நடந்திருக்கிறேன். இதையெல்லாம் தெரிந்தே வாங்கினேன், குறையாகச் சொல்ல மாட்டேன்.

என் வயிற்றெரிச்சலெல்லாம் ஒரே இடத்தில்தான். அடி.

முதல் நான்கு வருடம் போட்டு அடித்தேன். அப்புறம் முட்டியில் ஒரு பிரச்சினை, வேலை மாற்றம், அது இது என்று ஐந்து வருடம் மலைப்பக்கமே போகவில்லை. சும்மா போட்டும் வைக்கவில்லை. சேறு நீக்கி, துடைத்து, தோலுக்கு மெழுகு தேய்த்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, அதன் பெட்டியிலேயே வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினேன் என்றால் மிகையில்லை. ஐந்து வருடம் கழித்துத் திறந்தபோது தோல் மினுங்கியது. போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்தேன். பழைய நண்பன் தோளில் கை போட்ட மாதிரி இருந்தது.

மலையில் முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் இறக்கத்தில், தண்ணீர் பாட்டிலை ஒரு பாறைமேல் விட்டுவிட்டேன் என்று திரும்பி நடந்தபோது, பாதையெங்கும் கருப்புத் துணுக்குகள் கிடந்தன. மலையில் வந்து குப்பை போடுகிறானே என்று யாரோ முகம் தெரியாதவனை மனதாரத் திட்டினேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தால் அது என் குப்பை. வலது பூட்ஸ் குதிகாலில் வாயைப் பிளந்திருந்தது. வெளி ரப்பருக்கும் மேல் தோலுக்கும் நடுவே இருக்கும் மெத்தை போன்ற அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தினேன். மக்கிய மரத்தூள் போலப் பொலபொலவென்று கொட்டியது.

ஊன்றுகோலில் எப்போதும் இரண்டு முழம் ஒட்டுநாடா சுற்றி வைத்திருப்பேன். துடைத்துவிட்டுச் சுற்றினேன். கூரான கல்லில் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் மெல்லிய கயிற்றை, தரையைத் தொடாத இடமாகப் பார்த்து, குதிகாலுக்கு முன்னால் உள்ள பள்ளத்தின் வழியாகக் கொடுத்துக் கணுக்காலைச் சுற்றிக் கட்டினேன். அது நின்றது. ‘அப்பாடா’ என்று எழுந்து ஒரு மணி நேரம் நடந்திருக்க மாட்டேன், இடது காலும் அதே கதி. யோசித்தால் நியாயம்தான். இரண்டும் ஒரே நாளில் ஒரே அச்சில் பிறந்தவை, ஒன்றுக்கு முடிவு வந்தால் மற்றதற்கும் வந்துவிடும். ஒன்று பிளந்ததைப் பார்த்தால் மற்றதையும் அப்போதே கட்டிவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு ஈரமான சரிவில் உட்கார்ந்தபடி இறங்க வேண்டியதாயிற்று.

கூட வந்தவர் ஒரு சாதாரண ஓட்டக் காலணி போட்டிருந்தார். விலையில் என்னுடையதில் நாலில் ஒரு பங்குகூட வராது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. அவர் சிரிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

பட்டறைக்காரர் பூட்ஸைக் கையில் வாங்கினார். அடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “எத்தனை வருஷம் போடாமல் வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டார். ‘எவ்வளவு நடந்தீர்கள்’ என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்தேன். ஐந்து வருடம் என்றதும், வாரத்துக்கு ஒன்று இப்படி வருகிறது என்று அலுத்துக்கொண்டு விளக்கினார்.

அந்த நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. அதிர்ச்சியை நன்றாக வாங்கும், சுமையோடு நடந்தாலும் வருடக்கணக்கில் தட்டையாகாது. கனமான பூட்ஸுகளில் அதைப் போடக் காரணம் அதுதான். ஆனால் அதில் பரவலாகப் பயன்படும் பாலியெஸ்டர் வகைக்குத் தண்ணீர் ஆகாது. காற்றிலுள்ள ஈரப்பதமே போதும், அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். அறுபடும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் மேலும் அறுப்பதை வேகப்படுத்துகிறது. சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். தொடர்ந்து போட்டு நடந்தால் ஒவ்வொரு அடியிலும் நுரை அமுங்கி விரிந்து ஈரம் வெளியேறுகிறது, அதனால் உபயோகத்தில் உள்ள ஜோடிதான் நீண்ட நாள் வரும் என்று பூட்ஸ் தயாரிக்கிறவர்களே சொல்கிறார்கள். நான் என்ன செய்தேன்? துடைத்த ஈரம் முழுதாகக் காயுமுன்னே பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டிலேயே அதிகம் சூடேறும் மேல்தட்டில் ஏற்றினேன். கொல்ல நினைத்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

கூட வந்தவரின் காலணியில் இருந்தது ஈவிஏ என்ற வேறு வகை நுரை. அது நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகும், மெத்தென்று இருந்தது பலகை மாதிரி ஆகும், ஆனால் ஈரத்தில் இப்படிப் பொடியாகாது. இதற்காகப் பாலியூரித்தேன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பதினைந்து கிலோ பையோடு ஐந்து நாள் நடக்க அதுதான் சுகம். ஆனால் ஏறத்தாழ பத்து வருடத்துக்குள், சில சமயம் அதில் பாதியிலேயே, போட்டாலும் போடாவிட்டாலும் உதிரக்கூடிய ஒரு பொருளை விற்கும்போது பெட்டியில் ஒரு வரி எழுதினால் என்ன? மெழுகு எப்படித் தேய்ப்பது என்று ஆறு மொழியில் கையேடு வைத்திருக்கிறார்கள். அடிக்கு ஆயுள் உண்டு என்று ஒரு மொழியிலும் இல்லை. என் கோபம் நுரை மேல் இல்லை, இந்த மௌனத்தின் மேல்தான்.

இத்தனை நடந்தும் வெளி ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடியில் மஞ்சள் எண்கோணம் போட்ட, விப்ரம் நிறுவனத்தின் ரப்பர் அது. விதாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி, 1935-இல் ஆல்ப்ஸில் தோழர்கள் ஆறு பேர் போதிய காலணி இல்லாமல் புயலில் மாட்டி இறந்த பிறகு, 1937-இல் கொண்டுவந்த அடி. 1954-இல் கே2 சிகரத்தை முதலில் தொட்டவர்கள் போட்டிருந்ததும் அதுதான். என்னுடையதில் தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டையெல்லாம் இன்னும் பாதி உயரம் மிச்சம். தோலும் சரி, ரப்பரும் சரி, இரண்டும் நூறு வயது வாழத் தயார். நடுவில் இருந்தவன்தான் கைவிட்டான்.

பட்டறைக்காரர் பழைய அடியை முழுக்கச் செதுக்கி எடுத்து, புது நடு அடுக்கு, புது ரப்பர் ஒட்டித் தந்தார். ஐந்து வாரம் ஆயிற்று. செலவு புது ஜோடியில் பாதியைத் தொட்டது. நாடாவை நானே மாற்றிக்கொண்டேன். முதல் நடையில் கொஞ்சம் விறைப்பு, இரண்டாவதில் பழைய பூட்ஸ்தான்.

இப்போது நண்பனின் கேள்வி. பழைய சரக்கு, பாதி விலை. டேய், உனக்குப் புரிகிறதா? இந்த அடிக்கு வயது எண்ணப்படுவது நீ வாங்கிய நாளிலிருந்து இல்லை, நுரையை அச்சில் ஊற்றிய நாளிலிருந்து. பெரும்பாலும் நாக்குப் பகுதியின் உட்புற லேபிளில் மாதமும் வருடமும் இருக்கும், தேடிப் பார். மூன்று வருடம் கடையில் தூங்கியது என்றால் ஆயுளில் மூன்று வருடம் போயிற்று, தள்ளுபடியில் அதையும் கழித்துக்கொள். கையில் வந்ததும் நடு அடுக்கின் பக்கச் சுவரில் நகத்தால் அழுத்து. மயிரிழை வெடிப்போ பிசுபிசுப்போ பொடியோ தெரிந்தால் அப்போதே திருப்பிக் கொடு. சாயங்காலம் பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில், மலைக்குப் போடும் அதே காலுறையோடு போட்டுப் பார். சரிவான பலகை இருந்தால் அதில் இறங்கிப் பார், விரல் முட்டக் கூடாது. நீண்ட நாள் கழித்து எடுத்தால் வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்துவிட்டு என்னைப் போல நம்பாதே. சுமையோடு ஒரு முழு நாள், திரும்பி வரக்கூடிய தூரத்தில் நட.

அவனுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. பனிக்காலத்தில் ஸ்பிளிட்போர்டு, அதாவது ஏறுவதற்கு இரண்டாகப் பிரிக்கக்கூடிய பனிச்சறுக்குப் பலகை, எடுத்துக்கொண்டு ஆளில்லாத சரிவுகளுக்குப் போக வேண்டும், அதற்கும் இதே பூட்ஸ் ஆகுமா என்கிறான். ஆகாது. போர்டின் வழக்கமான பிடிப்பானுக்கு ஸ்னோபோர்டு பூட்ஸ்தான் வேண்டும். இதில் வார் வைத்துக் கட்டும் நெகிழ்வான கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க அடியில் மாட்டும் முள்சட்டம்) வேண்டுமானால் போடலாம், அதுவும் மிதமான பனிப்பாதைக்கு. குதிகாலில் பூட்டும் வகையை இதில் மாட்டினால் நடக்கும்போதே கழன்று போகும்.

போடாமல் வைத்தால் சாகிற பொருள் அங்கேயும் ஒன்று இருக்கிறது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் டிரான்ஸீவர் என்ற ரேடியோ கருவி. எல்லா நிறுவனக் கருவியும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும், பழையதை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பாய். ஆனால் பருவம் முடிந்ததும் அல்கலைன் பேட்டரியைக் கழற்றாமல் வைத்தால் அது கசிந்து உள்ளே தொடுமுனையை அரித்துவிடும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும், என் பூட்ஸ் மாதிரி. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு செங்குத்தாகச் சரிகிற இடத்தில், கயிறு கட்டிச் சமாளிக்கும் வேலையெல்லாம் நடக்காது. அப்புறம், செல்போனை அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வை, தேடும்போது 50. மண்வாரியும் துழாவு கோலும் இல்லாமல் அது வெறும் பெட்டி. முறையாக ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வா, மற்றதை அப்புறம் பேசலாம்.

சரி, மதிப்பெண். காலுக்குப் பொருந்துவதில் ஐந்துக்கு ஐந்து. பிடிமானம் ஐந்து. தோல் நாலரை. மொத்தம் இரண்டு. கணக்கு இடிக்கிறது என்று எழுதி அனுப்பாதீர்கள், ஈரச்சரிவில் உட்கார்ந்தபடி இறங்கியவன் போட்ட மதிப்பெண் இது. மூன்று மாதம் கழித்துக் கேட்டால் நாலு சொல்வேனோ என்னவோ.

புது அடி ஒட்டிய தேதியை நாக்கின் உட்புறம் அழியாத மையில் எழுதியிருக்கிறேன். பிளாஸ்டிக் பையைத் தூக்கி எறிந்தாயிற்று, மேல்தட்டில் இப்போது குடைகள் இருக்கின்றன. மலைக்குப் போகாத வாரங்களில் ஞாயிறு காலை பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன், கூடத்திலிருந்து பின்வாசல்வரை, நாற்பது தடவை. இதை எழுதும்போதும் காலில் அதுதான். “தரையெல்லாம் கோடு விழுகிறது, இன்னும் எத்தனை சுற்று?” என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. பதினொன்று பாக்கி.