ரொக்கி மலைச் சுற்றுலாவை வாட்ஸ்அப்பில் வாங்குமுன்

கோடை விடுமுறை நெருங்கும்போது, ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், நீலப்பச்சை ஏரி ஒன்றின் படத்துடன் "பான்ஃப், ஜாஸ்பர் சுற்றுலா, தமிழ் வழிகாட்டியுடன்" என்ற விளம்பரங்கள் வரத் தொடங்கும். அவற்றில் ஒன்றை நம்பி 2025 ஓகஸ்ட்டில் எங்கள் குடும்பம், பான்ஃப், ஜாஸ்பர் என்னும் ரொக்கி மலைத் தேசியப் பூங்காக்கள் உள்ள மேற்குக் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துக்குச் சென்று வந்தது. வாக்களிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி கிடைக்கவில்லை; கொடுத்த பணமும் திரும்பவில்லை. ஒழுங்கு செய்தவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் ஏற்கெனவே வேறு பெயருக்கு மாறிவிட்டார் என்பதால் அந்தப் பெயரால் எவருக்கும் பயனில்லை. அவர் ஏமாற்றிய முறையைத்தான் அறிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமாவும் மாமியும் எங்களிடம் வந்திருந்தார்கள். மாமிக்கு முழங்கால் வலி இருப்பதால் நீண்ட தூரம் நடக்க இயலாது. இருவருக்கும் ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசிப் பழக்கமில்லை. ஆகவே தமிழில் பேசும் வழிகாட்டி, பான்ஃப் நகரத்துக்குள்ளேயே விடுதி, ஜாஸ்பரில் ஓர் இரவு, மொரெய்ன் ஏரிக்கு "உறுதி செய்யப்பட்ட" அனுமதி, கொலம்பியா பனிப்புலத்தில் பனியாற்றின் மேல் சவாரி என்று அடுக்கப்பட்டிருந்த அந்த விளம்பரம் எங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருந்தது. விமானச் சீட்டு நீங்கலாக ஆளுக்கு 780 டொலர் கேட்டார்கள். அதற்கு மேல் மொரெய்ன் ஏரிக்கென ஆளுக்கு 60 டொலரும், தேசியப் பூங்கா நுழைவுக்கென, பிள்ளைகளையும் சேர்த்து, ஆளுக்கு 25 டொலரும் தனியாக வாங்கப்பட்டன. கடனட்டையில் செலுத்தலாமா என்று கேட்டபோது, "எங்கட ஆக்கள்தானே அண்ணை, கார்ட் எண்டால் அவங்களுக்கு வீணாக் கொமிஷன் போகும், ஈ-ட்ரான்ஸ்ஃபர் போட்டுவிடுங்கோ" என்று பதில் வந்தது. மின்னஞ்சல் வழியே வங்கிப் பணம் அனுப்பும் அந்த முறையில், நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனியாள் ஒருவரின் மின்னஞ்சலுக்குப் பாதிப் பணம் போனது. மீதியை அல்பேர்ட்டாவின் கல்கரி நகரில் வானோட்டியிடம் (எங்களை ஏற்றிச் செல்லும் வான் வண்டியின் ஓட்டுநரிடம்) காசாகக் கொடுக்கும்படி சொன்னார்கள். பற்றுச்சீட்டு என்று கிடைத்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கட்டைவிரல் குறிதான்.

முதல் மாற்றம் கல்கரி விமான நிலையத்திலேயே தெரிந்தது. பான்ஃப் விடுதிகள் நிரம்பிவிட்டன என்று சொல்லி, விமான நிலையத்துக்கு அருகிலிருந்த நெடுஞ்சாலை விடுதி ஒன்றில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பான்ஃபுக்கு ஏறத்தாழ 145 கிலோமீற்றர். அதாவது ஒவ்வொரு நாள் காலையும் மாலையும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பான்ஃபில் அறை கிடைப்பது கடினம் என்பதும் விலை மிக அதிகம் என்பதும் உண்மைதான். அதனால்தான் பணத்தை மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்குகிறார்கள். முன்பதிவு செய்திருந்தால் அறை இருந்திருக்கும். பின்னர் அந்த நெடுஞ்சாலை விடுதியின் வரவேற்பாளரிடம் கேட்டபோது, எங்கள் அறைகள் நாங்கள் வந்திறங்குவதற்கு முந்தின நாள்தான் பதிவாகின என்று அறிந்தோம்.

ஜாஸ்பர் இரவு நீக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் இன்னும் மோசமானது. "ஜாஸ்பர் எரிஞ்சு போச்சு, அங்கை ஒண்டும் இல்லை, ரோட்டும் பூட்டு" என்று வானோட்டி மாமாவிடம் சொன்னார். ஜாஸ்பரில் காட்டுத்தீ பரவியது 2024 ஜூலையில். நகரத்தின் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. ஆயிரக்கணக்கானோர் ஓரிரவில் வெளியேற நேர்ந்தது. ஆனால் நாங்கள் சென்ற 2025 ஓகஸ்ட்டில் நகரம் திறந்திருந்தது, விடுதிகளும் உணவகங்களும் இயங்கின, பான்ஃப் பூங்காவிலுள்ள லேக் லூயிஸ் ஊரிலிருந்து ஜாஸ்பர் செல்லும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலையும் திறந்திருந்தது. வீடிழந்தவர்கள் பயணிகளின் வரவை எதிர்பார்த்துக் கடைகளை மீண்டும் திறந்துகொண்டிருந்த ஊரை, ஓர் இரவு விடுதிச் செலவை மிச்சப்படுத்துவதற்காக இல்லாத ஊராக்கிவிட்டார்கள். ஏமாற்றப்பட்ட பணத்தைவிட இந்தப் பொய்தான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

இனி மொரெய்ன் ஏரி. பத்துச் சிகரங்கள் சூழ்ந்த இந்த ஏரியின் காட்சிதான் முன்னர் கனடாவின் 20 டொலர் நோட்டின் பின்புறத்தில் அச்சாகியிருந்தது. விளம்பரங்களில் வரும் படமும் பெரும்பாலும் இதுவே. நெரிசல் கட்டுக்கடங்காமல் போனதால், 2023 முதல் இந்த ஏரிக்குச் செல்லும் சாலையில் தனியார் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் அரச அமைப்பான பார்க்ஸ் கனடா நடத்தும் இணைப்புப் பேருந்து, பான்ஃப் வட்டாரத்தின் பொதுப் பேருந்து, பூங்கா நிர்வாகத்தின் உரிமம் பெற்ற சுற்றுலா நிறுவனங்களின் வாகனம் ஆகியவற்றில் ஒன்றில்தான் போக முடியும். மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிட அட்டை வைத்திருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. பார்க்ஸ் கனடாவின் பேருந்து, லேக் லூயிஸ் பனிச்சறுக்குத் திடலின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து புறப்படுகிறது. வயது வந்தவருக்குப் போக வர 8 டொலர் அளவில்தான் கட்டணம், அத்துடன் சிறிய பதிவுக் கட்டணம் ஒன்று சேரும், பிள்ளைகளுக்கு இலவசம். இருக்கைகளில் ஒரு பகுதி ஏப்ரலில் பதிவுக்குத் திறக்கப்படும். பெரும்பகுதி, பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு, அல்பேர்ட்டா நேரப்படி காலை 8 மணிக்குத் திறக்கப்படும். ஆகவே ஏப்ரலைத் தவறவிட்டவர்களும் அந்தக் காலையில் கணினி முன் அமர்ந்தால் இடம் பிடிக்க வாய்ப்பிருக்கிறது.

எங்களிடம் 60 டொலர் வாங்கியவர் இவற்றில் எதையும் செய்திருக்கவில்லை. வான் நேரே மொரெய்ன் ஏரிச் சாலையின் தொடக்கத்திலுள்ள தடுப்புக்குச் சென்றது. அங்கே நின்ற பணியாளர் உரிமத்தைக் கேட்டார். வானோட்டியிடம் எதுவும் இல்லை. அவர் எங்கள் பக்கம் திரும்பி, யாரிடமாவது மாற்றுத்திறனாளித் தரிப்பிட அட்டை இருக்கிறதா என்று தமிழில் கேட்டார். இல்லை என்றதும், மாமியைக் காட்டி, முழங்கால் ஏலாதவர் என்று சொல்லிப் பார்க்கிறேன் என்றார். மாமி வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். பணியாளர் பொறுமையாக, வண்டியைத் திருப்பும் இடத்தைச் சுட்டிக்காட்டினார். எங்களுக்கு முன்னால் திரும்பிய வான்களும் பின்னால் காத்து நின்றவையும் சில இருந்தன. அவற்றில் எத்தனை பேர் இதே போன்ற "உறுதி"யை வாங்கியிருந்தார்களோ தெரியாது. அன்று பனிச்சறுக்குத் திடலுக்குப் போய் விசாரித்தபோது பேருந்துகளில் இடம் இருக்கவில்லை. லூயிஸ் ஏரிக் கரையின் வாகனத் தரிப்பிடமும் விடியும்போதே நிரம்பிவிடும் என்பதால் அதுவும் கைகூடவில்லை. பிள்ளைகள் லேக் லூயிஸ் ஊரிலுள்ள கடை ஒன்றில் மொரெய்ன் ஏரியின் படம் போட்ட அஞ்சலட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நுழைவுக் கட்டணம் பற்றிய உண்மையும் அன்றுதான் தெரிய வந்தது. 2025 ஜூன் 20 முதல் செப்ரெம்பர் 2 வரை, கனடாவின் தேசியப் பூங்காக்களுக்கான நுழைவு எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. அதற்குப் பதிவோ சீட்டோ எதுவும் தேவைப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அது பொருந்தியது. 17 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமோ 2018 முதலே எந்நாளும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அப்படியிருக்க, பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆளுக்கு 25 டொலர் வாங்கப்பட்டது எதற்காக என்று கேட்டபோது, அது "வாகனத்துக்கான அரசாங்க வரி" என்று வானோட்டி சொன்னார். அப்படி ஒரு வரி இல்லை.

பனியாற்றுச் சவாரியும் அதே கதையாயிற்று. கல்கரியிலிருந்து கொலம்பியா பனிப்புலத்துக்குப் போய் ஒரே நாளில் திரும்புவதென்றால் 600 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். பான்ஃபில் தங்கியிருந்தால் இது வெகுவாகக் குறைந்திருக்கும்; ஜாஸ்பரில் என்றால் பாதித் தூரம்கூட இல்லை. மாமா வழியெல்லாம் கால் வீங்கி அமர்ந்திருந்தார். அங்கே போய்ச் சேர்ந்ததும், அதபாஸ்கா பனியாறு சாலையிலிருந்தே தெரிகிறதே, அதுதான் "பனியாற்று அனுபவம்" என்றார் வானோட்டி. ஆளுயரச் சக்கரங்கள் கொண்ட பேருந்தில் பனியின் மேல் ஏறிச் செல்லும் சவாரிக்கான சீட்டு 100 டொலரைத் தாண்டும். அது எங்கள் 780 டொலரில் அடங்கவில்லையாம். பனியாற்றின் அடிவாரம் வரை நடந்து போகப் பாதை இருக்கிறது; அந்த வழியில், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று காட்டும் பலகைகள் நட்டிருக்கிறார்கள், அவை பார்க்க வேண்டியவை. ஆனால் கயிற்றுத் தடுப்பைத் தாண்டிப் பனியின் மேல் கால் வைப்பது உயிருக்கு ஆபத்து. மேலே உறைந்திருக்கும் மெல்லிய பனிக்கு அடியில் ஆழமான பிளவுகள் இருக்கும். எங்கள் வானில் வந்த இளைஞர்கள் சிலரிடம், "கொஞ்சத் தூரம் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பப் பார்த்தவர் இந்த "வழிகாட்டி" என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

திரும்பும் வழியில் சாலையோரம் ஒரு கருங்கரடி புல் மேய்ந்துகொண்டிருந்தது. வானோட்டி வானை நிறுத்தி, கதவைத் திறந்து, இறங்கிப் படம் எடுக்கச் சொன்னார். கரடியிடமிருந்து குறைந்தது 100 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்பதும், சாலையோரத்தில் கரடியைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கவே கூடாது என்பதும் பூங்காவின் விதிகள்; வனவிலங்குக்கு இடையூறு செய்பவர்களுக்கு 25,000 டொலர் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நாங்கள் பிள்ளைகளை இறங்க விடவில்லை. அந்தச் சாலையின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசி இணைப்பே இல்லை என்பதால், நடப்பதையெல்லாம் ரொறன்ரோவில் இருந்த ஒழுங்கமைப்பாளருக்கு அந்த நேரத்தில் தெரிவிக்கவும் முடியவில்லை.

வீடு திரும்பி, கிடைக்காத விடுதிக்கும் ஜாஸ்பர் இரவுக்கும் ஏரிக்கும் நுழைவுக்கும் சவாரிக்கும் உரிய பணத்தைக் கேட்டு ஒழுங்கமைப்பாளருக்கு எழுதினேன். முதலில் "பார்ப்பம்" என்றார். பிறகு, அடுத்த மாதம் ரொபமோரிக்கு ஒரு நாள் சுற்றுலா இருக்கிறது, அதில் தலைக்கு 50 டொலர் கழித்துத் தருகிறேன் என்றார். அதன் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். ஈ-ட்ரான்ஸ்ஃபரில் போன பணம் மறுமுனையில் வைப்பிலிடப்பட்ட பின் அதை மீட்டெடுக்க வழியில்லை என்று வங்கி சொல்லிவிட்டது. கடனட்டையில் செலுத்தியிருந்தால், வழங்கப்படாத சேவைக்கான கட்டணத்தை மறுத்து முறையிட உரிமை இருந்திருக்கும். அட்டையை அவர் தவிர்த்ததன் காரணம் அதுதான், கொமிஷன் அல்ல.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பயணம் விற்பவர் எவராயினும், 2002ஆம் ஆண்டின் பயணத் தொழில் சட்டத்தின்படி, டிக்கோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்ராறியோ பயணத் தொழில் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர் தரும் பற்றுச்சீட்டில் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். அந்த இலக்கத்தையும் பெயரையும் மன்றத்தின் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்ற நிறுவனம் நொடித்துப்போனால் ஆளுக்கு 5,000 டொலர் வரை ஈடு தரும் நிதியும் அங்கே உண்டு. சேவை மோசமாக இருந்தது என்பதற்கு அந்த நிதி ஈடு தராது, ஆனால் முறைப்பாட்டை விசாரிக்க ஓர் இடமாவது இருக்கும். எங்கள் ஒழுங்கமைப்பாளரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. முறைப்பாடு செய்யப்போவதாக வேறோர் இலக்கத்திலிருந்து செய்தி அனுப்பியபோது, தன் நிறுவனம் கல்கரியில் இருப்பதாகவும் ஒன்ராறியோச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்றும் பதில் எழுதினார். கனடாவில் ஒன்ராறியோ, கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய மாகாணங்களில்தான் பயண முகவர்களுக்கு இத்தகைய சட்டம் உண்டு, அல்பேர்ட்டாவில் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒன்ராறியோவில் இருந்துகொண்டு, ஒன்ராறியோவில் வாழ்பவரிடம் விற்றுவிட்டு இப்படிச் சொல்வது எடுபடுமா என்பதை மன்றம் தீர்மானிக்கட்டும். முறைப்பாட்டை விளம்பரப் படங்களுடனும் உரையாடல்களுடனும் அனுப்பியிருக்கிறேன். எங்களோடு வானில் வந்த குடும்பங்களும் தனித்தனியாக அனுப்பியிருக்கின்றன. இவரிடமோ இவரைப் போன்ற ஒருவரிடமோ பணம் இழந்தவர்கள் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து இதையே செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பெப்ரவரியில் அதே ஏரிப் படத்துடன், புதிய பெயரில், "மொரெய்ன் ஏரி சூரிய உதயம், இடங்கள் உறுதி" என்ற விளம்பரம் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதி வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்திருந்தது. பணம் செலுத்த வேண்டிய மின்னஞ்சல் முகவரி மாறவில்லை. பார்க்ஸ் கனடாவின் பேருந்து இருக்கைகள் ஏப்ரலில்தான் பதிவுக்கே திறக்கின்றன. பெப்ரவரியில் ஒருவர் உறுதி என்று சொன்னால், அவர் பூங்கா உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் வாகனத்தில் இடம் எடுத்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த நிறுவனத்தின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் தருவதில் அவருக்குத் தயக்கம் இருக்கக் காரணமில்லை. குழுவில் நான் இந்த இரண்டையும் கேட்டேன். சில நிமிடங்களில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.