எடிட்டிங் கணினியில் சத்தம் திக்கினால்: எம்எம்இ, ஆசியோ4ஆல், சொந்த ஆசியோ – எதை வைப்பது?

விண்டோஸ் கணினி, அதில் வீடியோ வெட்ட பிரீமியர் புரோ மென்பொருள். ஸ்பேஸ்பாரைத் தட்டினால் டைம்லைன் இரண்டு நொடி ஓடி நின்றுவிடுகிறது, அல்லது குரல் கரகரவென்று கிழிகிறது. உடனே பழி கிராபிக்ஸ் கார்டு மேல்தான் விழும். ஆனால் ஒலிச் சாதனம் பதில் தராவிட்டால் பிரீமியரில் படமும் சேர்ந்து நிற்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஆடியோ டிரைவரை, அதாவது கணினிக்கும் ஒலிச் சாதனத்துக்கும் நடுவே பேசும் மென்பொருளை. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

எம்எம்இ

விண்டோஸோடு வரும் பழைய ஒலி வழி இது (MME), வேகம் குறைவு. பாட்டுப் பதிவுக்கு ஆகாது, எடிட்டிங்குக்குப் போதும். இதில் வரும் சிக்கலில் பெரும்பகுதி ஒரே இடத்தில் இருக்கிறது. எடிட், பிரிஃபரன்ஸஸ், ஆடியோ ஹார்ட்வேர் என்று போய் டிஃபால்ட் இன்புட்டைப் பாருங்கள். அங்கே வெப்கேம் மைக் உட்கார்ந்திருந்தால் 'நோ இன்புட்' என்று மாற்றுங்கள். மைக் ஒரு சாதனம், ஸ்பீக்கர் வேறு சாதனம்; இரண்டையும் சேர்த்துத் திறக்கும்போதுதான் இழுபறி வருகிறது. பல கணினிகளில் இந்த ஒரு மாற்றமே போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் அடியில் இருக்கும் டிரைவரை மாற்றிப் பார்க்கலாம். மதர்போர்டின் ரியல்டெக் டிரைவர் ஒலியை 'மெருகேற்றும்' வேலைகளையும் இழுத்து வருகிறது. எடிட்டருக்கு அது தேவையே இல்லை. டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, பட்டியலிலிருந்து நாமே தேர்வு செய்யும் வழியில் போய், மைக்ரோசாஃப்டின் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' டிரைவரைப் போடுங்கள். முன்பக்க ஜாக்கின் சில வசதிகள் போகலாம், சத்தம் நிதானமாகும்.

ஆசியோ4ஆல்

ஆசியோ (ASIO) என்பது தாமதம் குறைந்த ஒலி டிரைவர் வகை; ஆசியோ4ஆல் (ASIO4ALL) அதன் பொது வடிவம். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் மருந்து இது. எடிட்டிங் கணினிக்கு இதைக் கடைசியில்தான் வைப்பேன். இது ஒலிச் சாதனத்துக்கான தனி டிரைவர் அல்ல; இருக்கிற டிரைவரின் மேல் ஏறி, சவுண்ட் கார்டைத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்ளும். பிரீமியர் திறந்திருக்கும்போது குரோமில் சத்தம் வராது. குரோம் முந்திக்கொண்டால் ஆசியோ4ஆல் பலகத்தில் அந்தச் சாதனத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி நிற்கும். வாடிக்கையாளர் அனுப்பிய லிங்க்கைக் கேட்டுக்கொண்டே வெட்டுகிறவருக்கு இது பெரிய தலைவலி. இதன் பலம் தாமதம் குறைவது மட்டும்தான். பஃபர் என்பது ஒலியைச் சற்று சேர்த்து வைக்கும் இடம்; அது பெரிதானால் தாமதமும் கூடும். 48000 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 10.7 மில்லிநொடி, 1024 என்றால் 21. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமே 40 மில்லிநொடி. வெட்டும் வேலையில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சாதனத்தின் சொந்த ஆசியோ

ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரி யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் வெளிப் பெட்டி) இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அதன் சொந்த ஆசியோ டிரைவர்தான். பஃபரை 512 அல்லது 1024-இல் வையுங்கள். ஆசியோ4ஆலும் மற்ற பொது ஆசியோ டிரைவர்களும் கூடவே இருந்தால் நீக்கிவிடுங்கள். ஒரே சாதனத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள்.

இங்கே சிக்குவது சாம்பிள் ரேட், அதாவது ஒரு நொடி ஒலியை எத்தனை துளிகளாக எடுக்கிறோம் என்பது. ஸ்டார்ட்டில் கன்ட்ரோல் பேனல், சவுண்ட் என்று போய், சாதனத்தின் புராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து 48000 ஆக்குங்கள். டிரைவர் பலகத்திலும் பிரீமியரின் சீக்வென்ஸ் அமைப்பிலும் அதே எண் இருக்கட்டும். 48000-இல் பதிவான ஒலி 44100-இல் ஓடினால் ஒரு நிமிடப் பேச்சு 65 நொடிக்கு மேல் நீளும், குரலும் சுமார் முக்கால் சுரம் (ஒன்றரை செமிடோன்) இறங்கும். சிங்க் (படமும் ஒலியும் ஒத்துப்போவது) போய்விட்டது என்று கிளிப்பை நகர்த்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

எந்த வழியில் போனாலும் என்விடியா டிரைவர் புதுப்பித்த மறுநாள் சத்தம் காணாமல் போனால், எச்டிஎம்ஐ ஆடியோ தானாக முதன்மைச் சாதனமாகியிருக்கும். மானிட்டர் ஸ்பீக்கர் பயன்படுத்தாதவர்கள் டிவைஸ் மேனேஜரில் 'என்விடியா ஹை டெஃபினிஷன் ஆடியோ'வை டிசேபிள் செய்யலாம். அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்து நிற்கும்.