‘அதே 4060 தான் சார்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

டெஸ்க்டாப்பை ஓரங்கட்டிவிட்டு அதன் இடத்தில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கிராபிக்ஸ் சிப் கொண்ட வலுவான மடிக்கணினி ஒன்றை வைக்கலாம் என்று திட்டமிடுபவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு பெரிய கடையில் 1,24,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கணினி, ரசீதில் எழுதியிருப்பது என்னவோ அதுதான். கடைக்காரர்கள் வாயால் சொன்னதும், வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்ததும்தான் பொய்.

நான் திருமண வீடியோ எடிட்டர். முன்பெல்லாம் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஆல்பத்தோடு வீடியோவைக் கொடுத்தால் போதும். இப்போது காலையில் முகூர்த்தம் என்றால், மாலை வரவேற்பிலேயே மண்டபத்து எல்இடி திரையில் நான்கு நிமிட ஹைலைட்ஸ் ஓட வேண்டும் என்கிறார்கள். மணமகள் அறைக்குப் பக்கத்தில் கிடைக்கிற மேசையில் உட்கார்ந்து 4கே காட்சிகளை வெட்ட வேண்டும். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு போட்ட பழைய டவரைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைய முடியாது. வீட்டிலும் மண்டபத்திலும் ஒரே கணினி போதும் என்று முடிவு செய்தேன்.

கடையில் நான் கேட்டது இரண்டரைக் கிலோ எடையும் 230 வாட் அடாப்டரும் கொண்ட, தடித்த ஒரு மாடல். “அது வர ஒரு மாதம் ஆகும் சார். இதைப் பாருங்கள். அதே ஐ7 செயலி, அதே ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ். எடை மட்டும்தான் குறைவு” என்று விற்பனைப் பையன் மெலிதான வேறொன்றை எடுத்து வைத்தான். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் இரண்டே கேள்விகள் அனுப்பினேன். கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட்? ரேமைப் பிறகு கூட்ட முடியுமா? “115 வாட் சார். ரேம் 64 ஜிபி வரை ஏற்றலாம்” என்று கடையின் எண்ணிலிருந்து பதில் வந்தது. அதை நம்பி வாங்கினேன். இரண்டும் உண்மையில்லை.

வாட் கணக்கை ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சிப்புக்கு என்விடியா கொடுத்திருக்கும் மின்வரம்பு 35 முதல் 115 வாட் வரை. அந்த எல்லைக்குள் எத்தனை வாட் கொடுப்பது என்பதைக் கணினியைத் தயாரிக்கும் நிறுவனம் தீர்மானிக்கிறது. சிப்பில் கணக்குப் போடும் அலகுகளான கோர்கள் எல்லாவற்றிலும் 3072 தான், நினைவகம் 8 ஜிபி தான், ஒட்டுவதும் ஒரே ஸ்டிக்கர்தான். ஆனால் வேகம் 1470 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2370 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி வீட்டு விளக்கு இணைப்பில் ஓட்டச் சொல்வதைப் போன்றது இது. முன்பு மெலிதான கணினிகளில் வரும் சிப்புகளுக்கு ‘மேக்ஸ்-க்யூ’ என்று பெயரிலேயே அடையாளம் இருந்தது. 2021-ல் மடிக்கணினிகளுக்கு ஆர்டிஎக்ஸ் 30 வரிசைச் சிப்புகள் வந்தபோது அந்த அடையாளமும் போய்விட்டது. சில விளம்பரங்களில் 140 வாட் என்று பார்த்திருப்பீர்கள். அது 115-உடன், தேவைப்படும்போது செயலியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் 25 வாட்டையும் சேர்த்த கணக்கு.

4070, 4090 என்று பெரிய எண் போட்ட சிப்பை வாங்கினால் தப்பித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். பெயர் ஒன்றானாலும் டெஸ்க்டாப்பில் வருவது வேறு, மடிக்கணினியில் வருவது வேறு. டெஸ்க்டாப் 4070-இல் 5888 கோர்கள், 12 ஜிபி. மடிக்கணினி 4070-இல் 4608 கோர்கள், 8 ஜிபி. 4090 வரை போனால் வித்தியாசம் இன்னும் கொடுமை: டெஸ்க்டாப்பின் 16,384 கோர்களுக்கு மடிக்கணினியில் 9,728.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் அடாப்டரைத்தான் திருப்பிப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் ‘20 வோல்ட், 6.75 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருந்தது. பெருக்கினால் 135 வாட். செயலி, கிராபிக்ஸ், திரை, மின்விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து 135 என்றால் கிராபிக்ஸுக்கு மட்டும் 115 எங்கிருந்து வரும்? கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, என்விடியா டிரைவரோடு வரும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையைக் கொடுத்தேன். மின்சாரப் பகுதியில் ‘14 வாட் / 60 வாட்’ என்று காட்டியது. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் உச்சவரம்பு. சொன்னது 115, கொடுத்தது 60.

ரேம் கதை இதைவிட மோசம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வலது கீழ்ப்பகுதியில் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்று ஒரு வரி இருக்கும். கழற்றி மாட்டக்கூடிய ரேம் என்றால் அங்கே ‘சோடிம்’ என்று வரும். என் கணினியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தது. அதாவது, 16 ஜிபியும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. 64 வேண்டாம், 17 கூட ஆக்க முடியாது. வருடக்கணக்கில் டெஸ்க்டாப்பின் இடத்தில் உழைக்க வேண்டிய கணினிக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை.

வேலை எப்படி என்றால், வெட்டி முடித்த வீடியோவைக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட் தொடங்கிச் சற்று நேரத்தில் செயலி 95 டிகிரியைத் தொடுகிறது, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. விசைப்பலகைக்கு மேலே உள்ள உலோகப் பட்டையில் விரலை வைத்தால் எடுத்துவிடுவீர்கள். பழைய டவரைவிட வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு இந்த விலை இல்லை.

மேலாளரிடம் வாட்ஸ்அப் பதிலைக் காட்டினேன். “பையன் புதியவன் சார், தெரியாமல் சொல்லியிருப்பான்” என்றார். சரி, மாற்றிக் கொடுங்கள் என்றால், ரசீதின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைத் தொட்டுக் காட்டினார். சர்வீஸ் சென்டரில் கணினியைச் சோதித்துவிட்டு, எல்லாம் நிறுவனம் நிர்ணயித்த அளவில்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். கணினியில் பழுது எதுவும் இல்லை. வேறொன்றின் தகுதியைச் சொல்லி இதை விற்றதுதான் மோசடி.

நீங்கள் வாங்கப் போனால், மாடலின் முழுக் குறியீட்டைப் பெட்டியிலிருந்து படம் எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்தக் குறியீட்டுக்கு மட்டும் வாட் அளவைத் தேடுங்கள். வரிசையின் பெயர் ஒன்றாக இருக்கும், குறியீட்டில் கடைசி எழுத்து மாறினால் திரைகூட மாறிவிடும். திரை எவ்வளவு வண்ணங்களைக் காட்டும் என்பதைச் சொல்லும் அளவாக 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால், வண்ணத் திருத்தம் செய்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பட்டுப்புடவையின் அரக்கு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியிலேயே நான் மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்து பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. செய்யவிடாத கடையில் வாங்காதீர்கள். வாட் அளவையும் ரேம் வகையையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். காட்சிக்கு வைத்திருந்ததையே புதிது என்று தள்ளிவிடுகிறார்களா என்ற சந்தேகம் வந்தால், ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகித் தீர்ந்தது என்று காட்டும் சுழற்சி எண்ணிக்கையைப் பாருங்கள். இன்னொன்று, இந்த வகைக் கணினி எதுவும் பேட்டரியில் முழு வேகத்தில் ஓடாது. மண்டபத்தில் பிளக் பாயிண்ட் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடையிலிருந்து தொலைபேசி வந்தது, 80,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். மறுத்துவிட்டேன். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அடாப்டரின் படம், சர்வீஸ் சென்டர் கடிதம் நான்கையும் இணைத்து மனுவைத் தாக்கல் செய்துவிட்டேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.