பழைய மாசியின் மூக்கைத் தூக்க: ஜாக்கியா, முக்காலியா, ஜேசிபியா?

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று டீக்கடையில் பேச்சு ஆரம்பித்தால், எங்கள் வீட்டில் மாசி டிராக்டரின் முன்சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். பெரியப்பா காலத்து மாசி பெர்குசன் 35. தாளடி அறுவடை முடிந்து கொட்டகைக்குள் போனால் வைகாசி வரை அங்கேதான் நிற்கும். சேற்றுழவில் முன்சக்கரங்கள் பாதி மூழ்கியே ஓடுவதால் சீல் தேய்ந்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. கிரீஸ் வெளுத்துப் போகும், பேரிங் இரையும், சக்கரம் திரும்புவதற்கான கிங்பின்னின் புஷ் தளரும். இதையெல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. வண்டியின் மூக்கைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

தூக்குவதற்கு ஊரில் ஆளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் நான் செய்து பார்த்தாகிவிட்டது.

ஜாக்கி விற்கும் கடைக்காரர் முதலில் சொல்வது "இது பத்து டன் தாங்கும் சார்" என்பதுதான். அது எனக்கு முக்கியமே இல்லை. மாசி 35-இன் மொத்த எடையே சுமார் 1,400 கிலோ. பின்னால் கலப்பை எதுவும் மாட்டாமல் நிற்கும்போது அதில் 35 முதல் 40 சதவீதம்தான் முன்பக்கம் இறங்கும். முன்னால் கட்டியிருக்கும் பம்பர் இரும்பையும் சேர்த்து 600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எதைக் கொண்டும் தூக்கிவிடலாம். பாதி வேலையில் கையை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது வண்டி அதே உயரத்தில் இருக்குமா? நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

முன் அச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காரைப் போல நான்கு மூலையிலும் டிராக்டருக்குப் பிடிப்பு கிடையாது. முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. வரப்பில் ஒரு சக்கரம் ஏறினாலும் உடம்பு சாயாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே வண்டி நிற்பதே முக்கோணத்தில்தான்: பின்னால் இரண்டு டயர், முன்னால் அந்தப் பின். இதனால் தூக்கும் இடமும் இரண்டு வகைப்படும். அச்சின் ஓரத்தில், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கி கொடுத்தால் ஒரு சக்கரம் மட்டும் எழும், மறுசக்கரம் தரையிலேயே இருக்கும், ஜாக்கிக்கு வருவது பாதிச் சுமை, அதாவது 300 கிலோ. நடுவில், அச்சைத் தாங்கும் வார்ப்பிரும்புக்குக் கீழே கொடுத்தால் இரண்டு சக்கரமும் தொங்கும், மொத்தச் சுமையும் அந்த ஒரு புள்ளியில் வந்து உட்காரும், அச்சு இரு பக்கமும் ஊசலாடும். பேரிங் மாற்ற முதல் முறை போதும். ஒரு பேரிங்குக்காக மொத்த மூக்கையும் தூக்கி வைப்பவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன், காரணம்தான் புரியவில்லை.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹைட்ராலிக் ஜாக்கி

குப்பி மாதிரி இருக்கும், எல்லார் வீட்டிலும் கிடக்கும். லீவரைப் பத்துப் பன்னிரண்டு முறை அடித்தால் சக்கரம் மேலே வந்துவிடும். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் சுமையைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் எண்ணெயும் ஒரு ரப்பர் சீலும்தான். சீல் தேய்ந்திருந்தால் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். வால்வில் ஒரு மண்துகள் சிக்கினாலும் அதே கதை.

டெல்டாவில் இன்னொரு தொந்தரவும் உண்டு, அதுதான் பெரியது. இந்த ஜாக்கியின் அடித்தட்டு 12-க்கு 12 செ.மீ. இருந்தாலே அதிகம். 600 கிலோவை அதன் மேல் இறக்கினால் ஒவ்வொரு சதுர செ.மீட்டருக்கும் 4 கிலோவுக்கு மேல் அழுத்தம். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது நம் களிமண் அதைத் தாங்குகிற மாதிரிதான் தெரியும். ஒரு கோடை மழை பெய்துவிட்டால் கதை மாறிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு மழைக்கு மறுநாள், வாய்க்கால் ஓரக் களத்தில் ஒரு செங்கல்லை வைத்து அதன் மேல் ஜாக்கியை வைத்தேன். செங்கல் ஒரு பக்கமாகப் புதைந்தது, ஜாக்கி சாய்ந்தது, தலை வழுக்கியது. "கட்டையத் தள்ளுடா முதல்ல" என்று திட்டிக்கொண்டே பெரியப்பா முன்கூட்டியே ஒரு பூவரசங்கட்டையை அச்சுக்கடியில் உருட்டிவிட்டிருந்தார். வண்டி அதன் மேல்தான் விழுந்தது. என் முழங்கைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அன்றிலிருந்து செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் டிராக்டர் பக்கமே வரக்கூடாது என்று வைத்திருக்கிறேன். அவை சுவருக்கானவை. ஒரு முனையில் சுமை ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

தீர்வு பெரிய செலவில்லை. இரண்டு அங்குலக் கனத்தில் 45-க்கு 45 செ.மீ. பலகை. அதே 600 கிலோ இப்போது சதுர செ.மீட்டருக்கு 0.3 கிலோதான். 70 கிலோ ஆள் ஒற்றைக்காலில் நிற்கும்போது பாதத்துக்கடியில் ஏறத்தாழ அவ்வளவு அழுத்தம் வரும். ஆகவே ஜாக்கி வைக்கிற இடத்தில் முதலில் செருப்பைக் கழற்றி ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். குதிகால் பதிந்தால் வேறு இடம் தேடுங்கள்.

ஸ்க்ரூ ஜாக்கி

பழைய லாரிக்காரர்களிடம் இருக்கும். மரைதான் எல்லாமே. ஒரு சக்கரத்தைத் தூக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், அவ்வளவு சுற்ற வேண்டும். எண்ணெய் இல்லை, சீல் இல்லை, வால்வு இல்லை. கையை எடுத்தால் எடுத்த இடத்திலேயே நிற்கும், ஏனென்றால் சுமை அழுத்துவதால் அந்த மரை தானாகத் திரும்பாது. மரையில் கிரீஸ் இருக்கிறதா, பற்கள் கத்தி முனை மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் ஏற்றக்கூடாது. உயரம் போதவில்லை என்றால் அடியில் கட்டை கொடுத்துத் தொடங்க வேண்டும்.

நீடாமங்கலத்தில் எங்களுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் இதைப் பார்த்துச் சிரிப்பார். "தம்பி, இதச் சுத்தி முடிக்கிறதுக்குள்ள நான் பேரிங்க மாத்திட்டுப் போயிருவேன்." நான் சொல்வேன்: "நீங்க போயிருவீங்கண்ணே, அடியில கெடக்குறது நானு." நாள் முழுக்க ஒரே வண்டியோடு மல்லுக்கட்டும் வீட்டுக்காரனுக்கு வேகம் எதற்கு? என் ஓட்டு ஸ்க்ரூ ஜாக்கிக்குத்தான். பத்து வண்டி பார்க்கிற பட்டறைக்காரர் ஹைட்ராலிக் வைத்துக்கொள்வதில் எனக்குச் சண்டையில்லை, தூக்கிய வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்டும் வைத்திருந்தால்.

சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி இங்கே கதைக்கு உதவாது. அதற்குச் சிமென்ட் தரை வேண்டும். மண்ணில் அதன் குட்டிச் சக்கரம் உருளாது, வண்டி உயரும்போது ஜாக்கியும் நகர வேண்டியிருப்பதால் பக்கவாட்டில் இழுபடும்.

முக்காலியும் செயின் பிளாக்கும்

போர்வெல் மோட்டார் இழுக்கிறவர்களிடம் இருக்கும் அதே முக்காலி. ஒரு டன் செயின் பிளாக், அதாவது கைச்சங்கிலியை இழுத்துச் சுமையைத் தூக்கும் கப்பி, மாட்டினால் மாசியின் மூக்கு தாராளமாக எழும். கைச்சங்கிலியை விட்டாலும் பிளாக்கில் இருக்கும் பிரேக் சுமையைப் பிடித்துக்கொள்ளும். வண்டிக்குக் கீழே எந்த இரும்பும் இல்லாததால் முன் அச்சை முழுசாகக் கழற்றி உருவ வேண்டும் என்றால் இதைவிட வசதி கிடையாது. நடுப்பின்னும் அதன் புஷ்ஷும் மாற்றும் வேலைக்கு நான் இதைத்தான் வாடகைக்கு எடுப்பேன்.

குறை கால்களில்தான். மேலே சுமை ஏற ஏற மூன்று காலும் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். சிமென்ட் தரையில் வழுக்கும், ஈர மண்ணில் ஒரு கால் மட்டும் புதைந்து மொத்தமும் சாயும். மூன்று காலையும் அடியில் சங்கிலியால் சுற்றிக் கட்டாமல் ஒரு இழுப்பும் இழுக்கக்கூடாது. கொக்கி நேர் செங்குத்தாக, தூக்கும் வார்ப்பிரும்புக்கு மேலேயே இருக்க வேண்டும். கொக்கியில் மாட்டும் பெல்ட்டை வண்டியில் சுற்றும் இடத்தில் கூரான விளிம்பு இருந்தால் நாலாக மடித்த சாக்கைக் கொடுங்கள். தொங்கும் வண்டி பக்கவாட்டில் ஆடும் என்பதால் தொங்கவிட்ட உடனே அடியில் கட்டை அடுக்கிவிட வேண்டும். முக்காலிக்குப் பதில் புளியமரக் கிளையில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கிளையின் உள்ளே செல்லரித்திருப்பது வெளியில் தெரியாது.

நெம்புகோலும் ஜேசிபியும்

வயலில் பஞ்சர் ஆகி நிற்கும்போது பத்தடிக் கட்டையை ஒரு அடியில் அண்டை கொடுத்து நெம்பினால் 300 கிலோவுக்கு 33 கிலோ அழுத்தம் போதும். ஒரு ஆள் முனையில் உட்கார்ந்தாலே சக்கரம் எழுந்துவிடும். அவர் எழுந்தால் வண்டி இறங்கும், கட்டை அவர் தாடையில் அடிக்கும். அடியில் கட்டை தள்ளுகிற அரை நிமிஷத்துக்கு மட்டும்தான் இந்த முறை.

ஜேசிபிக்காரரைக் கூப்பிட்டால் வாளிப் பல்லில் சங்கிலியை மாட்டி ஒரே மூச்சில் தூக்கிக் காட்டுவார். சேற்றில் மாட்டிய வண்டியை வெளியே எடுக்க அது சரி. தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு அடியில் குனிவது சரியில்லை. நம் உயிர் ஒரு ரப்பர் ஹோஸிலும், போன் வந்தால் திரும்பிப் பார்க்கிற ஓர் ஆளின் கையிலும் இருக்கிறது. போதாக்குறைக்கு அதன் எடையே 7 டன்னுக்கு மேல். வரப்பையும் வாய்க்கால் கரையையும் உடைத்துவிட்டுப் போகும், அதற்குப் பக்கத்து வயல்காரரிடம் தனியாகப் பேச்சு வாங்க வேண்டும்.

எதில் தூக்கினாலும் அடுக்கும் கட்டை

தூக்குவது வேறு, தாங்குவது வேறு. மேலே சொன்ன எதுவும் தாங்குவதற்கானது இல்லை, எனக்குப் பிடித்த ஸ்க்ரூ ஜாக்கி உட்பட. தாங்க இரும்பு ஸ்டாண்டு வேண்டும், இல்லையென்றால் கட்டை அடுக்கு வேண்டும். மரம் பூவரசு அல்லது கருவேலம். தென்னங்கட்டை நாராகப் பிளந்துகொள்ளும், வேண்டாம். 45 செ.மீ. நீளத்தில் சதுரமாக அறுத்து, இரண்டு நெடுக்காக, இரண்டு குறுக்காக என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். உருட்டுக்கட்டை அவசரத்தில் என்னைக் காப்பாற்றியது உண்மைதான், ஆனால் அடுக்க உதவாது, உருண்டுவிடும்.

முன் அச்சு ஊஞ்சல் என்று சொன்னேனே, அதனால் மூக்கை நடுவில் தூக்கினால் அச்சுக்கும் அதற்கு மேலே இருக்கும் வார்ப்பிரும்புக்கும் நடுவில் இரு பக்கமும் மர ஆப்பு அடித்துவிடுங்கள். அச்சு ஆடாது. இந்த வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 183 செ.மீ. மூக்கை 20 செ.மீ. தூக்கினாலே அடிப்பாகம் 6 டிகிரி சாய்ந்துவிடும், ஜாக்கியின் தலை சமமாக உட்காராமல் விளிம்பில் நிற்கும். இரும்பும் இரும்பும் நேராகத் தொடாமல் நடுவில் ஒரு மெல்லிய மரத்துண்டு கொடுத்தால் வழுக்காது.

பிரேக் இருப்பது பின்சக்கரத்தில் மட்டும். அதை நம்பாமல் இரண்டு பின்டயருக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போட்டு, கியரிலும் விட்டு, டிரைலரைக் கழற்றி, கலப்பையைத் தரையில் இறக்கிய பிறகே ஜாக்கியைத் தொடுவேன். சக்கர நட்டுகளை அதற்கும் முன்னால், சக்கரம் தரையில் இருக்கும்போதே, அரைச் சுற்றுத் தளர்த்தி வைப்பேன். துருப்பிடித்த நட்டுக்கு நாலடிக் குழாய் மாட்டி, தூக்கி வைத்த வண்டியைப் பிடித்து இழுப்பவரை எங்கே பார்த்தாலும் நான் பத்தடி தள்ளிப்போய் நின்றுகொள்வேன்.

இறக்கும்போதும் வித்தியாசம் தெரியும். ஹைட்ராலிக்கில் வால்வைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால் வண்டி தொப்பென்று விழும், அதனால் அடுக்கை மொத்தமாக உருவாமல் ஒவ்வொரு வரிசையாக எடுத்துக்கொண்டே இறக்க வேண்டும். செயின் பிளாக்கில் ஒவ்வொரு கண்ணியாக இறங்கும். ஸ்க்ரூ ஜாக்கியில் ஏற்றியதுக்குச் சமமாகத் திரும்பவும் சுற்ற வேண்டும், தோள்பட்டைக்கு இரண்டாம் முறை. இந்த வருஷம் அந்தக் கஷ்டம் எனக்கு இல்லை. சிரித்த மெக்கானிக் அண்ணனே அதை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நாள் ஆகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை.